உறையின் அடியில் ஒரு பெயர்

ஒரு பாடலைக் கேட்டவுடன் இசையமைப்பாளரையும் பாடகரையும் பாடலாசிரியரையும் நாம் நினைவுகூர்கிறோம். அக்குரலை நம் செவிவரை கொண்டுவந்த ஒலிப்பதிவுப் பொறியாளரை நினைப்பவர் அரியர்.

தமிழ்த் திரையிசையில் அவ்வாறு நினைக்கப்பட வேண்டியவர் எச். ஸ்ரீதர். ‘மகாநதி’ (1993), ‘உயிரே’ எனத் தமிழில் வந்த ‘தில் சே’ (1998), ‘லகான்’ (2001), ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) ஆகிய படங்களின் ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றவர். அவற்றுட் சிலவற்றைச் சக பொறியாளர்களோடு பகிர்ந்துகொண்டார். ஏ.ஆர். ரகுமானின் இசையில் அடுக்கடுக்காக அமைந்த ஒலிகளை, ஒன்றையொன்று விழுங்கிவிடாதபடி கலந்து தந்தவர்களுள் முதன்மையானவர் அவரே. 2008 டிசம்பர் 1 அன்று மறைந்தார். வாத்தியக் கலைஞர்களோடு பொறியாளர்களின் பெயரையும் ரகுமான் தம் ஒலிநாடா உறைகளில் அச்சிட்டமையால், கேட்பவர்களுள் சிலரேனும் ஸ்ரீதரை அறிந்தனர்.

இதே தொழிலை வேறொரு திசையிலிருந்து அணுகியவர் அமெரிக்கரான ஸ்டீவ் ஆல்பினி (1962–2024). பெருநிறுவனங்களின் மெருகை வெறுத்துக் கரடுமுரடான ஓசையையே அழகெனக் கொண்டது பங்க் இசை. 1980களில் ‘பிக் பிளாக்’ என்னும் குழுவின்வழி அம்மரபில் வளர்ந்த ஆல்பினி, பின்னர் ஒலிப்பதிவுக்கு வந்தார். நிர்வாணா குழுவின் ‘இன் யூட்டரோ’வை 1993இல் பதிவு செய்ய ஒப்புக்கொண்டபோது, விற்பனையில் பங்கு வேண்டாம் என்றார், குழாய் வேலை செய்பவருக்குக் கொடுப்பதுபோல் வேலைக்குரிய கூலி போதும் என்று அக்குழுவினருக்கு எழுதினார். இசைத்தட்டுகளில் ‘தயாரிப்பாளர்’ என்று குறிக்கப்படுவதையும் அவர் விரும்பவில்லை. பாட்டு பாடியவர்களுடையது, பதிவு செய்தது மட்டுமே தம் வேலை என்பது அவர் கொள்கை.

பொறியாளரும் ஓர் உழைப்பாளியே என்னும் இந்நோக்கு, தொழிற்சாலைகள் சூழ்ந்த சுங்குவார்சத்திரத்தில் வேறொரு பொருள் பெறுகிறது. அங்குள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தைப் பதிவு செய்வதில் எழுந்த தடைகளுள் ஒன்று, நிறுவனத்தின் பெயரைச் சங்கம் தன் பெயரில் சேர்த்துக்கொள்ளலாமா என்பது. 2025 ஜனவரியில் அப்பெயருடனேயே சங்கம் பதிவாயிற்று.

ஆல்பினி ஒரு பட்டத்தை மறுத்தார். அவ்வாறு மறுக்க இயன்றதும் அவர் பெயர் முன்பே நிலைபெற்றிருந்ததனால்தான். செய்யும் வேலைக்குரிய பெயரையே போராடிப் பெற வேண்டியவர்களுக்கு அத்தகைய துறவு வாய்ப்பதில்லை. ஒலிநாடா உறையின் அடியில் சிற்றெழுத்தில் அச்சான ஸ்ரீதரின் பெயரை நாம் அலங்காரமாக அன்றி, உரிமையாகவே படிக்க வேண்டும்.