சித்திரை ஒண்ணும் 66 தீயணைப்பு வீரர்களும்

ஏப்ரல் 14-ன்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? சித்திரை 1, அம்பேத்கர் பிறந்தநாள், லீவு. எங்க திருத்தணியில அன்னைக்குக் காலையிலேயே மலையேறக் கூட்டம் சேர்ந்துடும். அதே நாள்தான் தேசிய தீயணைப்புப் படை தினமும். ஏன் அந்தத் தேதின்னு தெரிஞ்சுக்க, 1944-ல பம்பாய் துறைமுகத்துக்குப் போகணும்.

இரண்டாம் உலகப் போர் நேரம். ஃபோர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, கராச்சி வழியாக ஏப்ரல் 12-ம் தேதி பம்பாய் விக்டோரியா டாக்குக்கு வந்தது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். கராச்சியில் அதோடு ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும் ஏற்றியிருந்தார்கள். பஞ்சையும் வெடிபொருளையும் பக்கத்துல பக்கத்துல வைக்கக் கூடாதுன்னு அப்பவே தெரியும். ஆனா போர்க்காலம், வேற வழியில்லைன்னு ஏத்திட்டாங்க. ஆபத்தான சரக்குன்னு எச்சரிக்கிற சிவப்புக் கொடியும் கப்பலில் பறக்கவில்லை.

14-ம் தேதி மதியம் 2 மணி வாக்கில் உள்ளேயிருந்து புகை. தீயணைப்பு வீரர்கள் வந்து 900 டன்னுக்கு மேல் தண்ணீர் அடித்தார்கள். புகைமூட்டத்தில் தீ எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கப்பலைச் சுற்றிலும் தண்ணீர் கொதித்தது. 3:50-க்கு எல்லாரும் வெளியேறச் சொல்லி உத்தரவு. 4:06-க்கு முதல் வெடிப்பு. அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது. 1,700 கிலோமீட்டர் தள்ளியிருந்த சிம்லாவின் நிலநடுக்கக் கருவியில்கூட அந்த அதிர்வு பதிவானது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

இந்தக் கதையை வீரக் கதையா மட்டும் சொன்னா பாதிதான் சொன்ன மாதிரி. அந்த 66 பேரும் அவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடியே, சரக்கு ஏத்தின இடத்துல, கொடி ஏத்த வேண்டிய இடத்துல, யாரோ ஒரு படியைத் தாண்டிட்டாங்க. அதுக்கான விலையை இவங்க கொடுத்தாங்க.

நம்ம பக்கமும் இந்த இழப்பு உண்டு. 2012 பொங்கல் சமயத்தில் சென்னை எழிலகம் வளாகத்தின் பழைய கட்டடம் தீப்பிடித்தபோது, கூரை இடிந்து ஒரு தீயணைப்பு அதிகாரி இறந்தார். 2020 தீபாவளி நேரத்தில் மதுரையில் ஒரு ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன 2 வீரர்கள் மேல் சுவர் விழுந்தது. இருவருமே பிழைக்கவில்லை. நாம வெளியே ஓடி வர்ற கட்டடத்துக்குள்ள அவங்க போறாங்க. உள்ளே என்ன இருக்கு, எந்த வழி திறந்திருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. அங்க தினமும் இருக்கிற நமக்குத்தான் தெரியும்.

அதனாலதான் தீயணைப்பு வாரம் ஏப்ரல் 14-ல அஞ்சலியோட முடியறதில்லை. 20 வரைக்கும் ஒத்திகை, செயல்விளக்கம், விழிப்புணர்வுன்னு போகும். இறந்தவங்களுக்கு அந்தத் துறை செய்யற மரியாதையே பயிற்சிதான். குழாயைச் சோதிச்சு வைக்கறது, வண்டியைத் தயாரா நிறுத்தறது, தெரிஞ்ச ஒத்திகையையே மறுபடி செய்யறது. யாரும் கைதட்டாத வேலை.

நம்ம பங்கு அதைவிடச் சின்னது. ஆபீஸ்ல ஃபயர் ட்ரில் அடிச்சா அதை டீ பிரேக் ஆக்காம கடைசிப் படி வரைக்கும் இறங்கலாம். அவசர வழிப் படிக்கட்டுல அட்டைப்பெட்டி கிடந்தா அன்னைக்கே எடுக்கச் சொல்லலாம். அலாரம் சும்மா சும்மா கத்துதுன்னு ஆஃப் பண்ணாம, ஏன் கத்துதுன்னு பார்க்கலாம். கிடங்குல வேலையா? உள்ளே என்ன இருக்கோ அதையே லேபிள்ல எழுதலாம். கோட் எழுதறவங்களுக்கும் இதுதான்: டெஸ்ட் ஓட்டாம 'முடிஞ்சது'ன்னு போட்டா, நடுராத்திரி எழுந்து வர்றது வேற யாரோ.

எங்க ஊர்ல டிசம்பர் 31 படித் திருவிழா. 365 படிக்கும் மஞ்சள் குங்குமம் வெச்சு, கற்பூரம் ஏத்துவாங்க. 'இவ்வளவு படி இருக்கே, ஒண்ணு ரெண்டை விட்டுடலாம்'னு அங்க யாரும் சொல்றதில்லை.

அடுத்த சித்திரை ஒண்ணு அன்னைக்கு வாழ்த்து மெசேஜ் அனுப்பி முடிச்சதும், உங்க அபார்ட்மென்ட் படிக்கட்டுல ஒரு தடவை இறங்கிப் பாருங்க. கீழே கதவு திறக்குதான்னு தள்ளிப் பாருங்க. திறக்கலைன்னா அசோசியேஷன் க்ரூப்ல அன்னைக்கே போடுங்க.