மின் நக அரம்

மின் நக அரம் என்பது செயற்கை நகங்களைத் தேய்க்கவும், வடிவமைக்கவும், அகற்றவும் அழகு நிலையங்களில் பயன்படும் சுழலும் கருவியாகும். கைப்பிடி, அதனுள் அமைந்த மின்னோடி, மாற்றக்கூடிய முனை, வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியன இதன் உறுப்புகள். இது பல் மருத்துவர்களும் பொற்கொல்லர்களும் பயன்படுத்தும் துளைக்கருவியை ஒத்தது.

பின்னணி

1954 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் பிரெடரிக் சிலாக், உடைந்த தம் நகத்திற்கு மாற்றாகப் பல் மருத்துவ அக்ரிலிக்கினால் செயற்கை நகம் செய்தார். இத்தகைய கடின நகங்களைக் கையரத்தால் தேய்ப்பதைவிட மின் அரத்தால் தேய்ப்பது விரைவானது. இந்தியாவில் அழகு மற்றும் நலத்துறைத் திறன் குழு, நகத் தொழில்நுட்பர் பணிக்கான தகுதித் தரங்களை வகுத்துள்ளது.

முனைகளும் வேகமும்

டங்ஸ்டன் கார்பைடு முனை செதுக்கும் தன்மையது. வைரத்துகள் பதித்த முனை உராய்ந்து தேய்க்கும். பீங்கான் முனைகளும் மணல்தாள் உருளைகளும் உண்டு. முனைத் தண்டின் விட்டம் பொதுவாக 3/32 அங்குலம் (ஏறத்தாழ 2.4 மி.மீ.) ஆகும். தொழில்முறைக் கருவிகள் பல நிமிடத்திற்கு 30,000 சுழற்சிகள் வரை இயங்கவல்லன. தோலுக்கு அருகில் குறைந்த வேகமே ஏற்றது.

தீங்குகள்

கைவிரல் நகத்தகடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. முனையை அழுத்தினாலோ ஓரிடத்தில் நிறுத்தினாலோ உராய்வு வெப்பம் நகப்படுக்கையைச் சுடும். முனையைச் சாய்த்துப் பிடித்தால் நகத்தில் பிறை வடிவப் பள்ளங்கள் விழும். இவற்றைத் தொழிலில் 'நெருப்பு வளையங்கள்' என்பர். நகத்தகடு இறந்த உயிரணுக்களால் ஆனதால் பள்ளம் ஆறுவதில்லை; நகம் வளர்ந்தே நீங்க வேண்டும். கைநகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளர்வதால் இதற்குச் சுமார் ஆறு மாதங்கள் ஆகலாம்.

பாதுகாப்பு முறைகள்

* முனையை நகப்பரப்பிற்கு இணையாகப் பிடித்து, அழுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருத்தல் வேண்டும். சூடு உணரப்பட்டால் உடனே எடுத்துவிட வேண்டும்.
* மெலிந்த இயற்கை நகத்திலும் நோய்த்தொற்றுள்ள நகத்திலும் பயன்படுத்தலாகாது. நீரிழிவு உள்ளோருக்குச் சிறு காயமும் ஆறத் தாமதமாகலாம் என்பதால் மிகுந்த கவனம் தேவை.
* தலைமுடி, துப்பட்டா, சேலை முந்தானை ஆகியன சுழலும் முனையில் சிக்காதவாறு கட்டியிருத்தல் வேண்டும்.
* கண்ணாடியும் தூசு முகமூடியும் அணிதல் வேண்டும். முகமூடி வேதி ஆவியைத் தடுப்பதில்லை. அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1999 இல் காற்று உறிஞ்சும் மேசையைப் பரிந்துரைத்தது.

தூய்மை

கல்லீரல் அழற்சி 'பி' தீநுண்மி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனுடன் இருக்கும். ஆகவே உலோக முனைகளைத் தூசு நீங்கக் கழுவியபின் அழுத்தக் கொப்பரையில் 121 பாகை செல்சியசு வெப்பத்தில் நுண்ணுயிர் நீக்க வேண்டும். புற ஊதாக் கதிர்ப் பெட்டி இதற்கு மாற்றாகாது. மணல்தாள் உருளையை ஒருவருக்குப் பயன்படுத்தியபின் எறிந்துவிட வேண்டும்.