பாடும் பறவைகளின் ஆளுமையும் அழுத்த எதிர்வினையும்

பாடும் பறவைகளின் அழுத்த எதிர்வினை என்பது, முன்பின் அறியாத பொருள், இடம், உணவு ஆகியவற்றையோ, உணவுப் பற்றாக்குறை, கொன்றுண்ணிகள், இரைச்சல் போன்ற நெருக்கடிகளையோ எதிர்கொள்ளும்போது இப்பறவைகளின் நடத்தையிலும் உடலிலும் ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும். ஒரே காட்டில் வாழும் ஒரே இனப் பறவைகளும் இத்தகைய சூழ்நிலைகளில் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. சில துணிந்து நெருங்குகின்றன. சில தயங்கி விலகுகின்றன. ஒரு தனிப் பறவையிடம் இவ்வியல்பு காலத்தாலும் சூழ்நிலையாலும் ஓரளவு மாறாமல் காணப்படும்போது அது விலங்கு ஆளுமை எனப்படுகிறது. இத்துறையில் மிக விரிவாக ஆராயப்பட்ட பறவைகளுள் ஒன்று ஐரோப்பாவின் பெரும் பட்டாணிக்குருவி ஆகும்.

புதுமை அச்சமும் புதுமை நாட்டமும்

புதியதைக் கண்டு விலகும் இயல்பு புதுமை அச்சம் எனவும், புதியதை நாடிச் சென்று ஆராயும் இயல்பு புதுமை நாட்டம் எனவும் அழைக்கப்படுகின்றன. புதுமை அச்சம் பறவையை நச்சு உணவிலிருந்தும் பொறியிலிருந்தும் காக்கிறது. ஆனால் புதிய உணவு வாய்ப்புகளை இழக்கச் செய்கிறது. இவ்விரண்டும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் அல்ல, தனித்தனி இயல்புகள் என்பது அமெரிக்கப் பறவையியலாளர் ரஸ்ஸல் கிரீன்பர்க் உள்ளிட்டோரின் கருத்தாகும். ஒரே பறவையிடம் இரண்டும் மிகுந்து இருக்கக்கூடும்.

புதுமை அச்சத்தை அளக்கும் முறை எளியது. உணவுத் தட்டின் அருகே பறவை இதுவரை பார்த்திராத ஒரு பொருள் வைக்கப்படுகிறது. பொருள் இல்லாதபோது உணவை அணுக எடுத்த நேரமும், பொருள் இருக்கும்போது எடுத்த நேரமும் ஒப்பிடப்படுகின்றன.

புதுமை நாட்டத்துக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு பிரித்தானியாவின் பால் புட்டிகள் ஆகும். வீட்டு வாசலில் வைக்கப்பட்ட புட்டிகளின் மூடியைத் திறந்து பாலேட்டைக் குடிக்கும் பழக்கம் 1921 இல் சவுத்தாம்ப்டன் அருகே முதன்முதலாகப் பதிவானது. நீலப் பட்டாணிக்குருவி, பெரும் பட்டாணிக்குருவி முதலியவற்றிடம் இப்பழக்கம் நாடெங்கும் பரவியதை ஜேம்ஸ் ஃபிஷர், ராபர்ட் ஹிண்ட் ஆகியோர் 1949 இல் விவரித்தனர்.

அழுத்தத்தின் உடலியங்கியல்

ஆபத்தை உணர்ந்தவுடன் மூளையின் ஐப்போதலாமசு, பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் இரத்தத்தில் கலக்கிறது. மனிதரில் கார்ட்டிசோல் ஆற்றும் பணியைப் பறவைகளில் இதுவே பெரும்பாலும் ஆற்றுகிறது.

பறவை வலையில் சிக்கிய சில நிமிடங்களிலேயே இதன் அளவு உயரத் தொடங்குகிறது. எனவே இயல்பு நிலையை அறிய விரும்பும் ஆய்வாளர்கள் சுமார் 3 நிமிடங்களுக்குள் இரத்தம் எடுத்துவிடுகின்றனர். பின்னர் பறவையைத் துணிப்பையில் வைத்து, 30 நிமிடங்கள் போன்ற குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் எடுத்து, உயர்வைக் கணக்கிடுகின்றனர்.

உயர்ந்த கார்ட்டிகோஸ்டிரோன் சேமித்த ஆற்றலை விடுவிக்கிறது. உணவு தேடலைத் தூண்டக்கூடும். கடும் புயலின்போது பறவை கூட்டையும் குஞ்சுகளையும் கைவிட்டுத் தன்னுயிரைக் காத்துக்கொள்வதும் உண்டு. ஜான் விங்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 1998 இல் இதனை நெருக்கடிகால வாழ்நிலை என்று விளக்கினர். இவ்வகையில் குறுகிய கால அழுத்தம் நோயன்று, உயிர்காக்கும் ஏற்பாடு ஆகும். அது நாட்கணக்கில் நீடித்தால் நோயெதிர்ப்பாற்றலும் இனப்பெருக்கமும் பாதிக்கப்படுகின்றன.

பெரும் பட்டாணிக்குருவி ஆய்வுகள்

நெதர்லாந்து சூழலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களில் இப்பறவைக்கு ஒரு சோதனையை உருவாக்கினர். ஐந்து செயற்கை மரங்கள் கொண்ட அறைக்குள் பறவை விடப்படுகிறது. அது எவ்வளவு விரைவாக மரங்களைச் சுற்றி வருகிறது என்பது கணக்கிடப்படுகிறது. புதிய பொருட்களாக ஒரு சிறு மின்கலமும் இளஞ்சிவப்புச் சிறுத்தை பொம்மையும் பயன்படுத்தப்பட்டன. விரைவாகச் சுற்றும் பறவைகள் விரைவு ஆராய்வாளர்கள் எனவும், தயங்கி நுணுக்கமாகப் பார்ப்பவை மெது ஆராய்வாளர்கள் எனவும் பிரிக்கப்பட்டன.

விரைவுப் பறவைகள் தாக்கும் இயல்பு மிகுந்தவை. ஆனால் பழகிய வழக்கத்தை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. மெதுப் பறவைகள் சூழல் மாற்றத்தைக் கூர்ந்து கவனிக்கின்றன. கையில் பிடிக்கப்படும்போது மெதுப் பறவைகளின் மூச்சு வேகம் கூடுதலாக இருந்தது.

நான்கு தலைமுறைகள் தேர்வுமுறை இனப்பெருக்கம் செய்ததில் இவ்வியல்பின் வேறுபாட்டில் ஏறத்தாழ 54 விழுக்காடு மரபு வழியாக வருவது 2003 இல் வெளியிடப்பட்டது. 2007 இல் டிஆர்டி4 என்னும் மரபணுவின் ஒரு மாற்றம் இதனுடன் தொடர்புடையதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2010 இல் நான்கு காட்டுப் பறவைக் கூட்டங்களில் சோதித்தபோது இத்தொடர்பு ஒன்றில் மட்டுமே காணப்பட்டது. ஆகவே இதனைத் துணிச்சலுக்கான மரபணு என்று கூறுவது பொருந்தாது.

இரு வகைகளும் நிலைப்பது ஏன்?

துணிவே நன்மை என்றால், தயங்கும் பறவைகள் காலப்போக்கில் மறைந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. நீல்ஸ் டிங்கெமான்ஸ் உள்ளிட்டோர் 2004 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. பீச் மரங்கள் சில ஆண்டுகளில் மிகுதியாகக் காய்க்கின்றன. சில ஆண்டுகளில் காய்ப்பதே அரிது.

காய்ப்பு குறைந்த குளிர்காலங்களில் உணவுக்கான போட்டி கடுமையாகிறது. அப்போது பெண் பறவைகளுள் விரைவானவையும், ஆண் பறவைகளுள் மெதுவானவையும் கூடுதலாகப் பிழைத்தன. காய்ப்பு மிகுந்த ஆண்டில் பல பறவைகள் பிழைப்பதால் வாழிட எல்லைக்கான போட்டி பெருகுகிறது. அப்போது இது தலைகீழானது. எந்த ஒரு குணமும் எல்லா ஆண்டுகளிலும் சிறந்ததாக இருக்கவில்லை என்பதே இரண்டும் நிலைப்பதற்கான காரணமாகக் கருதப்படுகிறது.

மனிதரால் மாறும் சூழல்

நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் பெரும் பட்டாணிக்குருவிகள் தம் பாடலின் தாழ்ந்த அதிர்வெண்களை உயர்த்திப் பாடுவது 2003 இல் கண்டறியப்பட்டது. வாகன இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுந்திருப்பதே இதன் காரணம். 2020 இல் கொரோனா முடக்கத்தால் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் இரைச்சல் குறைந்தபோது, அங்குள்ள வெண்கொண்டைச் சிட்டுகள் மெதுவாகப் பாடின. ஆயினும் அவற்றின் பாடல் முன்னிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட தொலைவை எட்டியது.

அமெரிக்காவின் மலைக்காடுகளில் இனப்பெருக்கம் செய்யும் கருங்கண் ஜுங்கோ, 1980களின் தொடக்கத்தில் சான் டியேகோவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் குடியேறியது. நகரப் பறவைகள் மலைப் பறவைகளைவிடத் துணிவு மிக்கவையாகவும், கார்ட்டிகோஸ்டிரோன் உயர்வு குறைந்தவையாகவும் இருந்தன. இரு இடத்துக் குஞ்சுகளையும் ஒரே சூழலில் வளர்த்தபோதும் இவ்வேறுபாடு நீடித்தது.

கென்யாவில் மொம்பாசாவிலிருந்து பரவிய சிட்டுக்குருவிகளிடம் மாறான நிலை காணப்பட்டது. பரவலின் முன்விளிம்பில் வாழ்பவை மிகுந்த ஆராயும் இயல்புடன், மிகுந்த கார்ட்டிகோஸ்டிரோன் உயர்வையும் காட்டின. எனவே குறைந்த அழுத்த எதிர்வினையே வெற்றிக்கு வழி என்று பொதுமைப்படுத்த இயலாது.

வரம்புகள்

துணிந்த பறவைகளே வலையிலும் பொறியிலும் எளிதில் அகப்படக்கூடும் என்பதால் ஆய்வு மாதிரிகள் ஒருபக்கச் சார்புடையவையாக அமையலாம். கூண்டில் அளந்த இயல்பு காட்டிலும் அப்படியே வெளிப்படும் என்று கொள்ளவும் இயலாது. ஆளுமை என்னும் சொல் இங்கு அளக்கக்கூடிய நடத்தை வேறுபாட்டை மட்டுமே குறிக்கிறது. பறவைக்கு மனிதரைப் போன்ற மனநிலை உண்டு என்று பொருள்படாது.

தென்னிந்தியாவும் இலங்கையும்

தமிழ்நாட்டு மலைப்பகுதிகளிலும் இலங்கையிலும் காணப்படும் சாம்பல் பட்டாணிக்குருவி முன்பு பெரும் பட்டாணிக்குருவியின் துணையினமாகக் கருதப்பட்டது. இப்போது தனி இனமாக வகைப்படுத்தப்படுகிறது. இதன் வாழிடம் வெப்பமண்டலம் ஆகும். பீச் மரக் காய்ப்பும் ஐரோப்பியக் கடுங்குளிரும் இங்கு இல்லை. ஆகவே ஐரோப்பிய முடிவுகளை இதற்கு நேரடியாகப் பொருத்துதல் ஆகாது. இவ்வினத்தின் எதிர்வினைகள் அதன் சொந்த வாழிடத்திலேயே அளந்து அறியப்பட வேண்டியவை.