உப்பும் புளிப்பும்: எண்ணூர்க் கரையின் ஒரு பழங்கணக்கு

மீனைப் பக்குவப்படுத்த நெருப்பில்லாத வழி ஒன்று உண்டு. ஜப்பானியர் கானாங்கெளுத்தியை முதலில் உப்பில் கிடத்தி, அதன் நீரை வெளியேற்றி, பின்னர் அரிசிக் காடியில் ஊறவைத்து 'ஷிமே சபா' செய்வர். யூசு, சுதாச்சி முதலிய எலுமிச்சை இனங்களின் சாறும் பச்சை மீனுடன் சேரும். புளிப்பு ஏற ஏறச் சதை வெளுத்து இறுகுகிறது. வேகும் முட்டையின் வெண்கருவில் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. காசிமேட்டு ஏலமீனுக்கு இத்தனை அருகில் வாழும் நம்மிடையே இவ்வழக்கம் ஏன் தோன்றவில்லை?

விடையின் முதற்பாதி தட்பவெப்பத்தில் இருக்கிறது. வடசென்னையின் வெயிலில் மீன் சில மணி நேரத்திலேயே நிலை மாறிவிடும். ஆதலால் நம் முன்னோர் வெயிலையே கருவியாக்கினர். மீனை உப்பிட்டு உலர்த்துவதும், உலரும் மீனைப் பறவைகளிடமிருந்து காப்பதும் சங்கப் பாடல்களின் நெய்தல் திணையிலேயே இடம்பெற்ற காட்சிகள். உப்பு வணிகரான உமணரையும் அப்பாடல்கள் அறியும். புளியோ, நம் வீடுகளில் அடுப்பேறிய குழம்புக்கே உரியதாயிற்று.

மறுபாதி அரசியலில் இருக்கிறது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமை ஆனது. எண்ணூரையடுத்த அத்திப்பட்டு, வல்லூர் பகுதிகளில் உப்பளங்கள் பரந்து கிடந்தன. ஆயினும் அருகில் வாழ்ந்த மீனவன் வரி செலுத்தாமல் அந்த உப்பைத் தொட இயலாது. வரி உயர்ந்தபோது உவர்மண்ணைக் கொண்டு மீனைப் பதப்படுத்தும் நிலை வந்தது. கடல்மீன் குறித்து 1873இல் வெளியான அறிக்கையில் பிரான்சிஸ் டே இச்சிக்கலைப் பேசினார். பிற்பாடு அரசு மீன் உப்பிடும் முற்றங்களை அமைத்து, அவற்றுக்குள் மட்டும் வரியற்ற உப்பை வழங்கியது.

இவ்வரலாற்றில் ஜப்பான் நுழைவது பிரெடரிக் நிக்கல்சன் வழியாக. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வித்திட்ட அறிக்கையால் அறியப்பட்ட அவர், 1905இல் சென்னை மாகாண மீன்வள ஆய்வுப் பொறுப்பை ஏற்றார். ஜப்பானுக்கே சென்று அந்நாட்டு மீன்பிடித் தொழிலைக் கண்டு எழுதிய அவரது குறிப்பு 1907இல் வெளியாயிற்று. அவருடைய தொடக்ககாலச் சோதனை நிலையம் அமைந்த இடம் எண்ணூர். பின்னர் அம்முயற்சிகள் மேற்குக் கரைக்கு நகர்ந்து, தானூரில் வலுப்பெற்றன. ஜப்பானையும் எண்ணூரையும் மீன் ஒரு நூறாண்டுக்கு முன்பே இணைத்துவிட்டது எனலாம்.

புளிப்பால் மீனைக் காக்கும் கலையும் அதே மாகாணத்தில் இருந்தது. மலபார், தென்கன்னடக் கரைகளில் 'கொழும்புப் பதம்' என்றொரு முறை வழங்கியது. குடலும் செவுளும் நீக்கிய கானாங்கெளுத்தியை மூன்று பங்குக்கு ஒரு பங்கு உப்பு சேர்த்து, வயிற்றில் குடம்புளித் துண்டுகளை வைத்துத் தொட்டிகளில் அடுக்குவர். மீன் தன் நீரிலேயே பல வாரம் ஊறிய பின் பீப்பாய்களில் அடைபட்டு இலங்கைக்குக் கப்பலேறும். இங்கே புளிப்பு சுவைக்காக மட்டும் சேர்ந்ததன்று. உப்போடு கைகோத்து மீனைக் காத்தது.

வீட்டில் எலுமிச்சை மீன் செய்து பார்க்க விழைவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் ஊறும் சாறு ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்லாது. அதற்கு மைனஸ் 20 பாகை செல்சியசிலோ அதற்குக் கீழோ ஏழு நாள் உறைநிலை வேண்டும். சாதாரண வீட்டுக் குளிர்பெட்டி அதனை உறுதி செய்வதில்லை. வெயிலில் கிடந்த கானாங்கெளுத்தியில் உருவாகும் ஹிஸ்டமினோ, உறைந்தாலும் வெந்தாலும் நீங்காது.

இவற்றுக்கும் மேலான கேள்வி நீரைப் பற்றியது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தை மூடிற்று. அனல்மின் நிலையச் சாம்பலும் அந்நீரில் கலந்திருக்கிறது. எந்த உப்பும் எந்தப் புளிப்பும் இவற்றை மீனிலிருந்து நீக்காது. பச்சையாக உண்பது என்பது, மீன் வாழ்ந்த நீரை முழுமையாக நம்புவது. அன்று உப்பை மீனவனிடமிருந்து விலக்கி வைத்தோர் ஆண்டோர். இன்று அந்த நம்பிக்கையை அவனிடமிருந்து பறித்தது நகரத்தின் தேவைகளுக்காக இயங்கும் ஆலைகள். அவற்றின் மின்சாரத்தையும் எண்ணெயையும் பயன்படுத்தும் நாமும் அக்கணக்கில் சேர்ந்தவர்களே.