1948இல் இறங்காத கொடி



இலங்கை எப்போது சுதந்திரமடைந்தது என்று வகுப்பில் கேட்டால், 1948 பெப்ரவரி 4 என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். பதில் சரிதான். ஆனால் சீனன்குடாப் பிள்ளைகள் இன்னொரு திகதியையும் தெரிந்திருக்க வேண்டும்: 1957 ஒக்டோபர் 15. திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் எமது நாட்டிடம் ஒப்படைத்த நாள் அது. சுதந்திரம் கிடைத்து ஒன்பதரை வருடங்களுக்கும் பிறகு!

சுதந்திரம் எமக்கு ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாகத்தான் வந்தது. 1833இல் சட்டநிரூபண சபை அமைந்தது. அதன் 15 பேரில் 9 பேர் அரச அதிகாரிகள். மற்ற 6 பேரும் ஆளுநர் நியமித்தவர்கள். முஸ்லிம்களுக்கென ஓர் ஆசனம் கிடைக்க 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். 1911இல் படித்த இலங்கையர் ஆசனத்துக்குத் தேர்தல் நடந்து பொன்னம்பலம் இராமநாதன் வென்றபோது, வாக்காளர் தொகை சுமார் 3,000தான்.

பெரிய மாற்றம் 1931இல் டொனமூர் யாப்போடு வந்தது. 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் தோட்டத் தொழிலாளருக்கு நிபந்தனைகள் போட்டார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாகவே ஆக்கியது. சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே அளவில் வரவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

1945 நவம்பரில் சோல்பரி வெள்ளையறிக்கை அரசாங்க சபைக்கு வந்தது. கொழும்பு சாஹிறாக் கல்லூரி அதிபராயிருந்த ரி.பி. ஜாயா, சமூகக் கோரிக்கைகளை முன்நிபந்தனையாக்காமல் அதை ஆதரித்துப் பேசினார். 51க்கு 3 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது.

சரி, எங்கள் துறைமுகம் மட்டும் ஏன் பிந்தியது? 1947 நவம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தம்தான் காரணம். அதன்படி திருகோணமலைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியரிடமே இருந்தன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையையும் சீனன்குடாவையும் தாக்கியதை நினைத்துப் பாருங்கள். இந்தக் குடாவின் பெறுமதி அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இந்தத் தளங்களைச் சுட்டிக்காட்டித்தான், இலங்கை உண்மையில் சுதந்திர நாடா என்று சோவியத் ஒன்றியம் கேட்டது. ஐ.நா. அங்கத்துவம் 1955 டிசம்பர் வரை இழுபட்டது.

1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க லண்டனில் பேசித் தளங்களைத் திரும்பப் பெற்றார். முடிக்குரிய ஆட்சி முற்றாக நீங்கிக் குடியரசானது 1972 மே 22இல்.

இன்று அந்த விமானத்தளத்தில் எமது விமானப்படையின் கல்விப்பீடம் இயங்குகிறது. பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்களில் 99 எஞ்சியுள்ளன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 எமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடமும் உள்ளன. அது நல்லதா கெட்டதா என்பதில் உங்களுக்கு வேறு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் 1947இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது இந்த ஊரில் எத்தனை பேருக்கு அதன் உள்ளடக்கம் தெரிந்திருக்கும்? இப்போதாவது வாசித்துவிட்டுப் பேசுவோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் தளத்தில் வேலை செய்த பெரியவர்களின் பிள்ளைகள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பாடப்புத்தகத்தில் அது வராது.