சாம்பல் நிற ஓடுகள் சொல்வது என்ன?

தில்லியில் வாழும் தமிழன்பர்களுள் பழைய கோட்டையைப் பார்த்திராதவர் அரியர். அம்மதில்களுக்குள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தர்பத் என்றொரு சிற்றூர் இருந்தது. பாண்டவரின் இந்திரப்பிரஸ்தம் இதுவே என்பது தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை. அதற்குச் சான்று தேடிய ஆராய்ச்சியாளருக்குக் கிட்டியவை பொன்னும் மணியும் அல்ல. உடைந்த மட்கல ஓடுகள்.

இவ்வகைக் கலம், 1940-44இல் பரேலி மாவட்டத்து அஹிச்சத்திரத்தில் நடந்த அகழ்வில் தனி வகையாக இனங்காணப்பெற்றது. 1950-52இல் பி. பி. லால் அஸ்தினாபுரத்தை அகழ்ந்தபோது அதன் காலநிலை தெளிவுற்றது. 1954-55இல் பழைய கோட்டையிலும் சில ஓடுகள் கிடைத்தன. ஏறத்தாழ கி.மு. 1200 முதல் 600 வரை இக்கலம் வழங்கியது என்பர்.

இதன் தொழில்நுட்பம் வியக்கத்தக்கது. நன்கு அரித்தெடுத்த களிமண்ணைச் சக்கரத்தில் இட்டு மெல்லிய கிண்ணங்களும் தட்டுகளும் வனைந்தனர். அவற்றின்மீது கருநிறத்தால் கோடு, புள்ளி, ஒருமைய வட்டம், சுருள், சுவஸ்திகம் ஆகியவற்றைத் தீட்டினர். சூளையில் காற்றை அடக்கிச் சுட்டமையால் மண் சிவக்கவில்லை. நம் தமிழகத்துக் கருப்பு-சிவப்புக் கலம் இருநிறம் காட்டும். இதுவோ உள்ளும் புறமும் ஒரே சாம்பல் நிறம்.

பாரதத்தில் பெயர் பெற்ற பல ஊர்களில் இக்கலம் கிடைத்தமையால், லால் இதனை அக்கதையோடு இணைத்தார். கங்கை வெள்ளம் அஸ்தினாபுரத்தை அழித்தது எனப் புராணம் கூறும். அங்கே வெள்ளத்தின் தடமும் காணப்பட்டது. ஆயினும் மாளிகைகள் அகப்படவில்லை. மண் பூசிய நாணற்சுவர் வீடுகளே அகப்பட்டன. பழைய கோட்டையிலோ, 1969-73இல் விரிவாக அகழ்ந்தபோதும், இக்கலத்துக்குரிய தனி மண்ணடுக்கு வெளிப்படவில்லை.

தென் அமெரிக்க இன்கா மக்களும் பெரிய சாடிகளில் பெரணியிலை போன்ற கோலங்களைத் தீட்டினர். அவர்களுக்கும் எழுத்து இல்லை. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற ஸ்பானியர் அவர்தம் வாழ்வைக் குறித்து வைத்தனர். நம் சாம்பல் நிறக் கலத்திற்கு அத்தகைய உடன்காலச் சாட்சி எவருமிலர்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் யான். மூலத்தில் இல்லாததை விருப்பத்தால் சேர்ப்பது எம் தொழிலில் பெரும் பிழை. ஓடும் ஒரு மூலநூலே. நெல் விளைத்து, ஆநிரை மேய்த்து, அழகிய கிண்ணத்தில் உண்ட மக்களை அது நமக்குக் காட்டுகிறது. அவர்தம் பெயரை அது கூறவில்லை. கூறாததைக் கூறியதாகக் கொள்ளாதிருத்தலே, அக்குயவனுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.