முந்திய தேதியா, பிந்திய தேதியா: ஊர் அறிவிப்பு இணையமேறிய வரலாற்றில் ஒரு சிக்கல்

2019 பிப்ரவரி 16 அன்று இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடிக்கு ஒன்றிய அரசின் மின்னரசிதழில் ஓர் அறிவிக்கை ஏறியது. பாகிஸ்தானிலிருந்து வரும் சரக்குக்கு 200 விழுக்காடு சுங்கத் தீர்வை என்றது அது. அதற்கு முன்பே சுங்கத்தில் ஆவணம் தாக்கல் செய்து முடித்திருந்த இறக்குமதியாளர்களிடமும் அந்தத் தீர்வை கேட்கப்பட்டது. ஜி.எஸ். சத்தா ரைஸ் மில்ஸ் வழக்கில் 2020 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. அச்சு அரசிதழுக்குத் தேதி போதுமாக இருந்தது, மின்னரசிதழ் வந்தபின் பதிவேறிய நேரமே கணக்கு என்பது நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பின் சாரம். வணிகரைக் காத்த வகையில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதிவேற்றிய நொடியிலேயே வெளியீடு முற்றுப்பெறுகிறது என்று அதிலிருந்து ஒரு பொது விதியைப் பிழிந்தெடுத்து, ஊராட்சி, நகராட்சி அறிவிப்புகளுக்கும் நீட்டுவது வேறு காரியம். தீர்ப்பு அவற்றைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த நீட்டல் வரலாற்றைத் தவறாக வாசிக்கிறது என்பதே என் வாதம். அரசிதழும் ஊர் அறிவிப்பும் ஒரே மரபின் முன்பின் கட்டங்கள் அல்ல. இரண்டுக்கும் வேர் வேறு.

தீர்ப்பின் தர்க்கம் ஊன்றி நிற்பது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 8ஆம் பிரிவில். அரசிதழில் வெளியிட வேண்டியதை மின்னரசிதழில் வெளியிட்டாலும் போதும் என்கிறது அது. அதன் வரம்புரை இன்னும் முக்கியம்: இரண்டிலும் வெளியானால் எது முந்தியதோ அதன் தேதியே வெளியீட்டுத் தேதி. (2015 அக்டோபர் 1 முதல் ஒன்றிய அரசு அரசிதழை அச்சிடுவதையே நிறுத்திவிட்டதால், அந்த அளவில் இந்த வரம்புரைக்கு இனி வேலை இல்லை.) ஆனால் பிரிவு பேசுவது அரசிதழை மட்டும்தான். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் தாளையோ தெருவில் அறைந்த பறையையோ இணையதளத்தால் ஈடுசெய்யலாம் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

இதற்கு நேரெதிரான வாசகம் ஒன்று, நான் பார்த்தவரை மின்னாளுகை எழுத்துகளில் அதிகம் பேசப்படாமல், 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் இருந்தது. அதன் 4ஆம் பிரிவு தொடக்கத்தில் கேட்டவை இரண்டு: அரசிதழ் அறிவிக்கை, நிலம் இருக்கும் ஊரில் வசதியான இடங்களில் பொது அறிவிப்பு. 1984ஆம் ஆண்டுத் திருத்தம், அந்த வட்டாரத்தில் விற்பனையாகும் இரண்டு நாளிதழ்களைச் சேர்த்தது. கூடவே, இந்த வெளியீடுகளிலும் ஊர் அறிவிப்பிலும் எது கடைசியாக நடந்ததோ அந்தத் தேதியே அறிவிக்கையின் வெளியீட்டுத் தேதி என்று அடைப்புக்குறிக்குள் வரையறுத்தது. 16 ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு சட்ட வாசகங்களில் ஒன்று முந்திய தேதியைக் கேட்கிறது, மற்றது பிந்திய தேதியை. இதை வரைவாளரின் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அரசிதழின் கேள்வி, அரசு எப்போது பேசியது என்பது. ஊர் அறிவிப்பின் கேள்வி, ஊராரின் காதுக்கு அது எப்போது எட்டியது என்பது. பேசியவனுக்கு முதல் தேதி போதும். கேட்க வேண்டியவனுக்கோ, சொல்ல வேண்டிய வழிகள் எல்லாம் தீர்ந்த தேதிதான் கணக்கு.

இந்த மரபுக்குள் இணையதளம் நுழைந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 11ஆம் பிரிவு ஐந்து வழிகளை அடுக்குகிறது: அரசிதழ், இரண்டு நாளிதழ்கள், ஊராட்சி அல்லது நகராட்சியிலும் ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் அலுவலகங்களிலும் உள்ளூர் மொழியில் அறிவிப்பு, அரசின் இணையதளம், பாதிக்கப்படும் பகுதியில் வெளியீடு. இவற்றுள் ஒன்று போதும் என்று சொல்லவில்லை. இணையதளம் நான்காவதாகச் சேர்ந்தது, எதையும் வெளியேற்றவில்லை. அதற்கு மேலும், அறிவிக்கை வந்த உடனே இதற்கென்றே கிராம சபையைக் கூட்டி உள்ளடக்கத்தைத் தெரிவிக்கச் சொல்கிறது இரண்டாம் உட்பிரிவு. பதிவேற்றத்தோடு வேலை முடிந்தது என்று சட்டம் கருதியிருந்தால் இந்தக் கூட்டத்துக்குத் தேவையே இருந்திராது.

இங்கே என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1984இன் கடைசித் தேதி வரையறை 11ஆம் பிரிவில் இல்லை. அது வேண்டுமென்றே விடப்பட்டதா, கைதவறிப் போனதா என்பதைச் சட்ட வாசகத்தை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. விடப்பட்டதால் முந்திய தேதி தானாக வந்து உட்கார்ந்துவிடாது என்று மட்டும் சொல்வேன். தமிழ்நாட்டில் தொழில் தேவைக்கான கையகப்படுத்தல் 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்படி நடப்பதால், இந்தச் சான்றின் வீச்சு இங்கே குறுகியது என்பதும் உண்மை.

பறையும் பலகையும் மட்டும் எல்லோருக்கும் எட்டினவா, அவையும் சட்டம் கற்பித்துக்கொண்ட பாவனைகள்தாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2022 ஆகஸ்டில் தண்டோராவுக்குத் தடை விதிக்கும்படி தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். பறையடிக்கும் வேலையை ஒரு சாதியார் தலையில் கட்டிய வழக்கம் அது. போனதற்கு வருந்த எதுவும் இல்லை. ஆய்வாளருக்கு முக்கியம், அதன் இடத்துக்கு அவர் காட்டிய மாற்று: ஒலிபெருக்கி பூட்டிய வண்டி. இணையதளம் பெருகிவிட்ட காலத்திலும் குரலுக்கு மாற்றாகக் குரலே சொல்லப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவில் பரப்புதல் என்பதை விளக்கும்போதும் அறிவிப்புப் பலகை, நாளிதழ், பொது அறிவிப்பு, ஒலிபரப்பு, இணையம் என்று அடுக்குகிறது. அந்தந்த வட்டாரத்தில் எது நன்றாக எட்டுமோ அதைக் கருதச் சொல்கிறது. எட்டாத பாவனை பறைக்கும் உண்டு, பதிவேற்றத்துக்கும் உண்டு. ஆனால் வெளியிட்டவர் கையில் நொடி பிசகாத சான்றைக் கொடுத்து அந்தப் பாவனையை மறைத்துவிடுவது பதிவேற்றம் ஒன்றுதான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 2013 சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, முதல்நிலை அறிவிக்கை வெளியான தேதியிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபம் தர வேண்டும். ஐந்து வழிகளும் ஐந்து வெவ்வேறு நாளில் நடந்திருந்தால், அந்த 60 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதற்கு அந்தப் பிரிவில் பதில் இல்லை.